பன்னிரண்டாம் மாடியில் பொன்னுருக்கு

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாகேந்திரம் பன்னிரண்டாம் மாடியில் நின்று கடற்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் அந்த இருபது மாடிக் கட்டடத்தில், பன்னிரண்டாம் மாடியின் ஒரு பாதியில் வீடுகள் கிடையாது. கடல் பக்கமும் வீதிப் பக்கமும் இடுப்பளவு சுவர் மட்டும் வைத்து, மேலே வெட்டவெளியாக விட்டிருக்கிறார்கள். தீப்பிடித்தால், படியிறங்கி வெளியே ஓட முடியாதவர்கள் இங்கே வந்து தீயணைப்புப் படை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கென்றே கட்டிய இடம். சுவரில் 'ரெஃபியூஜ் ஏரியா' என்று பெரிய பச்சைப் பலகைகூட உண்டு. அந்தப் பலகையைத்தான் யாரும் வாசிப்பதில்லை. பிறந்தநாள், நவராத்திரி, பிள்ளைகளின் கரம்போர்ட், வீட்டில் இடமில்லாத அலுமாரி எல்லாம் அங்கேதான். குடியிருப்பாளர்கள் அதை ஒரு மண்டபம் போல 'ஹோல்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

இன்று அந்த ஹோலில் வினோதனின் பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, தாலிக்குரிய பொன்னை, நகை செய்யும் பத்தர் சபை நடுவே உருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே உருக்கலாமே என்று கேட்பீர்கள். போன வருடம் பதினாறாம் மாடிக்காரர் அப்படித்தான் உருக்கினார். உமிப்புகை கூரையில் தொட்டதும் தீ அபாய மணி கட்டடம் முழுக்க அலறியது. பத்தர் கைநடுங்கிப் பொன்னைக் கம்பளத்தில் ஊற்றினார். சம்பந்தி வீட்டுக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சுங்கத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருடம் ஒரு கோப்பும் தவறவிடாத நாகேந்திரம் அப்படி ஒரு சிரிப்புக்கு இடம் கொடுப்பாரா?

ஆனால் ஹோலில் காற்று. காற்றடித்தால் குத்துவிளக்கு அணையும். விளக்கு அணைந்தால் இரத்தினம்மாவின் சகோதரிகள் நாலு பேரும் பத்து வருடத்துக்கு அதையே கதைப்பார்கள். ஆகவே கடல் பக்கம் முழுவதையும் நீலப் பிளாஸ்டிக் தறப்பாளால் மூடி, நைலோன் கயிற்றால் இருபத்திரண்டு முடிச்சுப் போட்டார். கடைசி முடிச்சை இழுத்து இறுக்கி, பின்னால் தள்ளி நின்று, தன் வேலையைத் தானே ரசித்தார்.

"அப்பா, உந்தத் தறப்பாளைக் கழட்டுங்கோ."

திரும்பாமலே தெரிந்தது. மேனுகா.

மூத்த மகள். முப்பத்துமூன்று வயது. உயரமான கட்டடங்களுக்குத் தீப்பாதுகாப்புப் பார்க்கும் பொறியியலாளர். அக்காவுக்கு முன் தம்பிக்குக் கலியாணம் என்பதில் ஏற்கெனவே மனம் குறுகியிருந்த நாகேந்திரம், அவளுடைய உத்தியோகத்தைச் சொல்லவேண்டி வந்தால் "பில்டிங் வேலை" என்று வாயை மூடிவிடுவார். போதாததற்குப் போன ஞாயிறு நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில், தலைவர் கதிரையில் தகப்பன் இருக்க, மகள் எழுந்து நின்று, "இந்த இடத்தைச் சாமான் போடவும் விழா வைக்கவும் விட்டது நிர்வாகத்தின்ர பிழை" என்று சொல்லிவிட்டாள். இடத்தை வெறுமையாக வைக்கவேண்டும் என்று அவள் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. எதிராக ஐம்பத்திரண்டு, ஆதரவாக ஏழு. அந்த ஏழில் ஒரு கை இரத்தினம்மாவுடையது என்பதைத்தான் நாகேந்திரத்தால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. நாலு நாளாகத் தகப்பனும் மகளும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

"விளக்கு நூந்திடும் பிள்ளை."

"ரெண்டு பக்கமும் திறந்திருந்தாத்தான் இஞ்சை புகை நிக்காது. ஒரு பக்கத்தை அடைச்சா இது புகைக்கூடு."

"பத்தரைக்கு முடிஞ்சிடும். முடிஞ்ச உடனை நானே கழட்டுறன்."

"நெருப்பு அதுவரைக்கும் பொறுத்து நிக்குமே?"

"நல்ல காரியம் நடக்கிற இடத்தில என்ன கதை கதைக்கிறாய்?" நாகேந்திரத்தின் குரல் உயர்ந்துவிட்டது. "உன்ர தம்பியின்ர பொன்னுருக்கு. ஒரு நாளைக்கெண்டாலும் மகளா நில். இன்ஸ்பெக்டரா நிக்காதை."

மேனுகா படிக்கட்டுப் பக்கம் போனாள். படிக்கட்டுக் கதவு மூடாமல் இருக்க யாரோ முட்டுக்கொடுத்து வைத்திருந்த அரிசி மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது. கதவருகே கிடந்த பிளாஸ்டிக் கதிரைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்ததை நாகேந்திரம் பார்த்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி வாழைக்குலையின் பக்கம் போனார்.

அவளுக்குத் தெரியாத இன்னொரு ஏற்பாடும் அவர் செய்திருந்தார். காலையில் கீழே இறங்கி, காவலாளி பண்டாரவைத் தனியாக அழைத்து, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் மணி அடித்தால் அது தங்களுடைய பொன்னுருக்குத்தான், உடனே நிறுத்திவிட வேண்டும் என்று சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லி வைத்திருந்தார். தலைவர் சொன்னால் பண்டாரவுக்கு மறுபேச்சு ஏது?

சுபநேரம் ஒன்பது பன்னிரண்டு முதல் பத்து இருபத்துநாலு வரை. ஒன்பதுக்கே நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த பத்தர் சட்டியில் உமியைக் கொட்டி, ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். குத்துவிளக்கின் ஐந்து சுடரும் ஆடாமல் எரிந்தன. நாகேந்திரம் தறப்பாளை ஒருமுறை பெருமையோடு பார்த்துக்கொண்டார்.

"அம்மா எங்கை?" பட்டுவேட்டி கட்டி மணையில் இருந்த வினோதன் கேட்டான்.

"மேலைதான். பட்டுச்சீலை மாத்துறா. லிஃப்டில வருவா."

அவர்களுடைய வீடு பதினாலாம் மாடியில். ஆறு வாரத்துக்கு முன் இரத்தினம்மாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. வீட்டுக்குள் வோக்கரைப் பிடித்துத்தான் நடமாட்டம்.

ஒன்பது இருபதுக்கு வினோதன் வெற்றிலையில் வைத்த தங்க நாணயத்தைப் பத்தரிடம் நீட்டினான். பத்தர் வாங்கி நெற்றியில் ஒற்றி, உமியில் நெருப்பு வைத்தார். ஒரு கீற்றுப் புகை எழும்பியது.

மணி அலறியது.

சபை திடுக்கிட்டது. மாமிமார் காதைப் பொத்தினார்கள். நாகேந்திரம் மட்டும் கையை உயர்த்திச் சிரித்தார். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. எங்கட புகைதான். இப்ப நிக்கும் பாருங்கோ."

சொன்ன வாய் மூடுமுன் மணி நின்றது. "தலைவரெண்டா இப்பிடியெல்லோ இருக்கவேணும்" என்று யாரோ சொன்னார்கள். அவர் மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

"மணியை ஆர் நிப்பாட்டினது?"

மேனுகா படிக்கட்டுக் கதவருகே சுவரில் இருந்த சின்னப் பெட்டியின் முன்னால் நின்றாள். அதன் கண்ணாடியில் ஒரு சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் பண்டாரவிட்டச் சொல்லி வைச்சனான். எங்கட புகைக்கு அடிச்சா நிப்பாட்டச் சொல்லி."

"எங்கட புகையெண்டா பன்னிரண்டு எண்டு காட்டும் அப்பா." அவள் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "எட்டெண்டு காட்டுது."

ஒரு கணம் நாகேந்திரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. எட்டாம் மாடியில் எங்கேயோ நெருப்பு. மணியை நிறுத்தியாயிற்று. மேலே எட்டு மாடிகளில் சமைத்துக்கொண்டும், குளித்துக்கொண்டும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் இருப்பவர்கள், நின்றுபோன மணியை நம்பித் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்தி இரத்தினம்மா.

மேனுகா பேசிக்கொண்டிருக்கவில்லை. சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் அடித்து உடைத்து, உள்ளே அழுத்தினாள். மணி மறுபடி அலறியது. அடுத்த கையில் தொலைபேசி. தீயணைப்புப் படைக்கு விலாசம், மாடி, எந்தப் பக்கம் என்று மூன்று வசனத்தில் சொல்லி முடித்தாள். உடனே அங்கிருந்த அவசரத் தொலைபேசியில் பண்டாரவைப் பிடித்து, இனி யார் சொன்னாலும் மணியில் கைவைக்கக் கூடாது என்றாள். அந்த 'யார் சொன்னாலும்' நாகேந்திரத்தின் காதில் வந்து விழுந்தது.

"எல்லாரும் கேளுங்கோ." அவள் கத்தவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. "நடக்கக்கூடிய ஆக்கள் கடல்பக்கப் படியால கீழை இறங்குங்கோ. லிஃப்ட் வேண்டாம். கதவை ஒருத்தரும் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கவேண்டாம். இறங்க ஏலாத ஆக்கள் இஞ்சையே இருங்கோ, இதுதான் பாதுகாப்பான இடம். பத்தரையா, நெருப்பை நூருங்கோ. தம்பி, நீ மேலை போய் ஒவ்வொரு மாடியிலயும் கதவைத் தட்டு. படியில புகையைக் கண்டா அந்த இடத்திலயே திரும்பி வா."

பத்தர் செம்புத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றினார். பொன் உருகவே இல்லை. மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி ஓடினான்.

நாகேந்திரமும் கதவை நோக்கி ஓடினார். மேனுகா குறுக்கே நின்றாள்.

"உன்ர அம்மா மேலை தனிய நிக்கிறா!"

"அம்மா வருவா."

"எப்பிடி வருவா? வோக்கர் இல்லாம ரெண்டடி வைக்கமாட்டா!"

"மூண்டு கிழமையா ஒவ்வொரு பின்னேரமும் ரெண்டு மாடி இறங்கிப் பழகியிருக்கிறா. நான்தான் பழக்கினனான். பிசியோ எண்டு உங்களுக்குச் சொன்னது அதைத்தான்." அவள் அவருடைய இரண்டு தோளையும் பிடித்தாள். "கீழை பதினாலு மாடி அம்மாவால ஏலாது. ரெண்டு மாடி ஏலும். அவ இறங்கி வாற இடம் வேலை செய்யவேணும் அப்பா. அங்கை பாருங்கோ."

பார்த்தார். எட்டாம் மாடிப் புகை வெளிச்சுவர் வழியே ஏறி, வீதிப் பக்கத்தால் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. நுழைந்த புகை வெளியே போக வழியில்லாமல், நீலத் தறப்பாளில் முட்டி, கூரையோடு கூரையாகத் திரண்டு கீழே இறங்கியது.

தன் இருபத்திரண்டு முடிச்சுகளையும் நாகேந்திரம் அப்போது மனமாரச் சபித்தார்.

வாழைப்பழச் சீப்பு வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். முதல் கயிறு. இரண்டாவது. கண் எரிந்தது. இருமல் நெஞ்சைப் பிடித்தது. ஏழாவது முடிச்சில் கத்தி வழுக்கி விரலைக் கிழித்தது, அதையும் பார்க்கவில்லை. பதினைந்து வெட்டியதும் மிச்சத்தைக் காற்றே பார்த்துக்கொண்டது. தறப்பாள் பெரும் சத்தத்தோடு பிய்ந்து வெளியே பறந்தது.

கடற்காற்று ஒரே மூச்சில் உள்ளே புகுந்தது. குத்துவிளக்கின் ஐந்து சுடரும் ஒன்றாக அணைந்தன. கும்பத்து மாவிலை பறந்தது. கூரையில் திரண்டிருந்த புகை வந்த வழியாலேயே வீதிப் பக்கம் தள்ளுண்டு போனது. இரண்டு நிமிடத்தில் எதிர்ச்சுவர் தெளிவாகத் தெரிந்தது.

அதன்பிறகு படிக்கட்டுக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. பதினேழாம் மாடி ஹப்ஸா, தன் தாய் உம்மு குல்தூமைக் கதிரையோடு தூக்கி வந்த இருவருக்கு முன்னால் ஓடி வந்தாள்.

"மேனுகா, உம்மாவுக்கு மூச்சு எடுக்க ஏலாம ஈக்கி!"

"கடல்பக்கம் கொண்டு வாங்கோ. காத்துப் படட்டும். பதறாதேங்கோ ஆன்ட்டி, ஆறுதலா மூச்செடுங்கோ."

எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். கண் தெரியாத ஓய்வுபெற்ற அதிபர் வந்தார். மேனுகா ஒவ்வொருவரையும் பெயரோடும் வீட்டு இலக்கத்தோடும் எழுதி, யார் வீட்டில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, கீழே சொல்லிக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு கையுயர்த்தி அவளைத் தோற்கடித்த ஐம்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் அங்கே நின்றார்கள் என்று நாகேந்திரம் எண்ணவில்லை. அவர் கண் கதவிலேயே இருந்தது.

கதவு திறந்தது.

பாதி கட்டிய பட்டுச்சீலை. ஒரு கை படிக்கட்டின் கைபிடியில். மற்றக் கை வினோதனின் தோளில்கூட இல்லை, அவன் வெறுமனே பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். நோகிற காலை முதலில் கீழே வைத்து, நல்ல காலை அதன் பக்கத்தில் இறக்கி, வாய்க்குள் கணக்கு வைத்தபடி, இரத்தினம்மா கடைசிப் படியையும் இறங்கினாள்.

"நாப்பத்துநாலு" என்றாள். பிறகு புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, மரம் மாதிரி நிக்காம ஒரு கதிரை எடுத்துப் போடுங்கோவன். விரலில என்ன ரத்தம்?"

நாகேந்திரத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டார். சபை நடுவே, அத்தனை பேர் பார்க்க, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருடத்தில் அப்படி அவர் செய்தது அதுதான் முதல் தடவை.

"அவள் சொன்னபடிதான் இறங்கினனான்" என்றாள் இரத்தினம்மா. "என்ர பிள்ளை கெட்டிக்காரி."

"எங்கட பிள்ளை" என்று திருத்தினார் நாகேந்திரம்.

பத்து மணிக்குத் தீயணைப்பு வண்டிகள் வந்தன. பத்து நாற்பதுக்கு நெருப்பு அடங்கியது. எட்டாம் மாடியில் பூட்டியிருந்த ஒரு வீட்டில், ஸ்கூட்டர் பற்றரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். வீடு கரியாகிவிட்டது. உயிருக்கு ஒரு சேதமும் இல்லை. பன்னிரண்டாம் மாடியில் இருபத்தேழு பேர் இருந்தார்கள். இருபத்தேழு பேரும் நலம்.

கனமான சப்பாத்துச் சத்தத்தோடு தீயணைப்பு அதிகாரி ஒருவர் படியேறி வந்தார். சுற்றிப் பார்த்தார். கதவைத் தள்ளி, அது தானாக மூடுகிறதா என்று கவனித்தார்.

"மெத்தன பாரவ இன்னே கவுத?" இங்கே பொறுப்பாக இருப்பது யார் என்று கேட்டார்.

பழக்கதோஷம். அத்தனை முகமும் தலைவரின் பக்கம் திரும்பியது. இத்தனை வருடமும் அந்தக் கேள்விக்கு நாகேந்திரம் ஓரடி முன்னால் வந்து தொண்டையைச் செருமுவதுதான் வழக்கம். இன்று அவர் ஓரடி பின்னால் போனார். போய், பெயர்ப் பட்டியலோடு நின்ற மேனுகாவைக் காட்டினார்.

"மகே துவ" என்றார். என் மகள். சொன்னபோது குரல் உடைந்தது. உடைந்தாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை உரத்துச் சொன்னார். "மே மகே துவ, சேர். ஃபயர் சேஃப்டி இன்ஜினியர்."

அந்த உத்தியோகத்தின் பெயரை அவர் வாயால் முழுதாகச் சொன்னது அன்றுதான்.

அதிகாரி அவளிடம் பட்டியலை வாங்கிப் பார்த்தார். தலையசைத்தார். நல்ல வேலை என்றார். பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்து, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ஒன்றுதான் தனக்கு விளங்கவில்லையாம். முதலில் அடித்த மணி ஏன் இடையில் நின்றது?

இந்த நேரத்தில் வினோதனின் தொலைபேசி அடித்தது. ஐந்தாவது தடவையாக. அவன் ஒதுங்கிப் போய்க் கதைத்துவிட்டு, வெளிறிய முகத்தோடு வந்தான்.

"பாமன்கடையில இருந்து அப்பா. யோகேஸ்வரி மாமி." பெண்ணின் தாய். "நேரம் தவறினதும் விளக்கு நூந்ததும் அதுக்குள்ள அங்கை போயிட்டுது. நாளைக்கு வாறாவாம்."

"சம்பந்தியும் வாறாரோ?"

"இல்லை. தனிய வாறாவாம். உங்களோடை மட்டும் கதைக்கவேணுமாம்."

நாகேந்திரம் பெருமூச்சு விட்டார். "வரட்டும்" என்றார். நாளைய பிரச்சினை நாளைக்கு.

மேனுகா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, படிவத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நேரம், மாடி, எத்தனை பேர் என்று மளமளவென்று ஓடிய பேனை ஓரிடத்தில் நின்றது. நாகேந்திரம் எட்டிப் பார்த்தார். 'அபாய மணி நிறுத்தப்பட்ட காரணம்' என்று இருந்தது. அதற்கு நேரே வெற்றிடம்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நாலு நாளாகப் பார்க்காத பார்வை.

"நிர்வாகத்தில ஒருத்தர் எண்டு போடட்டோ அப்பா?"

"நிர்வாகத்தில ஒன்பது பேர் இருக்கினம், பிள்ளை."

"விசாரணை வரும். தலைவர் பதவி போகும். சிலவேளை அதுக்கு மேலையும் வரலாம்."

"தெரியும்."

"அப்ப..."

"என்ர பேரை எழுது. பதினாலாம் மாடி, நாகேந்திரம். தலைவர் எண்டதையும் போடு. காலமை ஆறு மணிக்குப் போய்ச் சொன்னனான், ரெண்டு தரம் சொன்னனான், அதையும் எழுது. பண்டார பாவம், அவன்ர தலையில ஒண்டும் விழக்கூடாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். எழுதினாள். ஒரு சொல்லும் குறைக்கவில்லை, ஒரு சொல்லும் கூட்டவில்லை. தன் பிள்ளை அப்படித்தான் எழுதுவாள் என்று அவருக்குத் தெரியும். எழுதி முடித்து, அடியில் கையெழுத்து வைத்து, அதன் கீழே தெளிவாகத் தன் பெயரையும் எழுதினாள். மேனுகா நாகேந்திரம்.

நாகேந்திரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அதில் அவருடைய பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. அடியில் இருந்ததை அவர் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"இதில ஒரு கொப்பி எனக்கும் வேணும், பிள்ளை."

"உங்களுக்கு எதுக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூட்டம் வைக்கிறன். அந்த ஐம்பத்திரண்டு பேருக்கும் இதை நானே எழும்பி நிண்டு வாசிக்கவேணும்."